வடிவு குரலுக்குப் பேட்டரி மாத்தினோம்

எங்க மேலப்பூங்குளத்து அம்மன் கோயில் கொடையில, மத்தியானப் பூசை முடிஞ்சு, சாமியாடி இறங்கி, உச்சி வெயில் மண்டையப் பிளக்க, பாதிப் பேரு படைப்புச் சோத்தைத் தின்னு கை கழுவியும் கழுவாமலும் பந்தலுக்கு ஓடிவந்து துண்டு விரிச்சு உக்காந்த நேரத்துல, மேடையில பாடிக்கிட்டு இருந்த செண்பகவடிவோட குரல் அவ புருஷன் ஆவுடையப்பனோட கீபோர்டுப் பெட்டிக்குள்ள போயிருச்சு. போயிருச்சுன்னா போயிருச்சு, அவ்வளவுதான். அதுக்கு அங்க ஒருத்தரும் ஐயோன்னு வாயத் திறக்கல, ஏன்னா பாட்டு நிக்கலையே.

ஆவுடையப்பன் எங்க ஊரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறவன். அந்தப் பெட்டிய சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தர்கிட்ட பழசாத்தான் வாங்குனான், ஆனா பழசா இருந்தாலும் ஜப்பான்காரன் பெட்டி, ஒரு ஆள் படுத்த நீளம் இருக்கும். நாயனச் சத்தம், புல்லாங்குழல் சத்தம், மழை பெய்யிற சத்தம்னு கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது போக, நாமளே திருகித் திருகி உண்டாக்குற சத்தத்தைப் பத்திரமா வச்சுக்கிட அதுல வெறும் அறைகளும் உண்டு. பிடிச்ச சத்தம் வந்ததும் ‘ஸ்டோர்’னு ஒரு பட்டனை அமுக்கினா அது உள்ள போயி உக்காந்துக்கிடும், கரண்டைப் பிடுங்கினாலும் போகாது. கரண்டு இல்லாதப்பவும் அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது உள்ள இருக்கிற ஒரு வட்டப் பேட்டரி. எட்டணாத் துட்டு அளவுதான் இருக்கும். அந்த எட்டணா அளவுப் பேட்டரிய நம்பித்தான் இத்தனை வருஷமா ஒரு பொம்பளை வாய் கட்டிக் கிடந்தா.

அன்னைக்கு வடிவு மாசமா இருந்தா. தெரியாம இல்ல, ஊருக்கே தெரியும். கோயிலுக்கு எதுத்தாப்புல தேங்கா பழக்கடை வச்சிருக்கிற கனியம்மா நான், எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒருத்தி மசக்கையில வாந்தி எடுத்திர முடியுமா? தகரக் கொட்டகைக்குக் கீழ, பட்டுச் சேலையில, வேர்த்து வடிய நின்னு அவ அம்மன் பாட்டு பாடி முடிச்சா. விழாக் கமிட்டித் தலைவர் கண்ணாயிரம் அண்ணாச்சி எந்திரிச்சு நின்னு ‘ஒன்ஸ் மோர்’னாரு. பாடினா. பொம்பளைக பக்கத்துல இருந்து ‘ஒன்ஸ் மோர்’னோம். பாடினா. பிள்ளைக கத்துச்சு, கிழடு கட்டைக கத்துச்சு, பந்தக்கால்ல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தவன் கண்ண முழிச்சு என்ன ஏதுன்னு கேக்காமலே கத்துனான். அவ திரும்பத் திரும்பப் பாடினா, பாடப் பாட எங்களுக்குத் தேன் குடிச்ச வண்டு மாதிரி கிறுகிறுன்னு வந்துச்சு. கடைசியா அவ மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, “கொஞ்சம் தண்—”னு சொன்னா. அவ்வளவுதான் கேட்டுச்சு. அதே நேரத்துல ஆவுடையப்பன் கை ஸ்டோர் பட்டன் மேல இருந்துச்சு.

அவன் விரல் கட்டையில ஓடுச்சு, பெட்டி வடிவு குரல்ல பாடுச்சு. வார்த்தை பிசகாம, சுருதி பிசகாம, மூச்சு வாங்காம. வடிவு வாயத் திறந்து மூடிக்கிட்டு நின்னா, ஒரு சத்தமும் வரல. நாங்க இன்னொரு தடவையும் ஒன்ஸ் மோர் கேட்டோம்.

ஊரு அதைப் பழகிக்கிட்ட வேகத்தைச் சொல்லணும். மறுநாள் காலையில வடிவு கோழிகளை ‘பா, பா’ன்னு கூப்பிட வாயத் திறந்து, சத்தம் வராம, கையத் தட்டிக் கூப்பிட்டா; ரெண்டாம் நாளே கோழிகளும் கைதட்டலுக்கு வரப் பழகிருச்சு. அதுகளே பழகினப்ப நாங்க பழக மாட்டோமா? தென்காசி டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, தொண்டையில ஒண்ணுமே இல்லைன்னாரு. நாங்களும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டோம். அவ சொல்ல வேண்டியதை உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டுவா, நாங்க பாதி வாசிச்சிட்டு சரி சரின்னு தலைய ஆட்டிட்டு வந்திருவோம். “குடுத்து வச்சவ, ஊரே அவ குரல்லதான முழிக்குது”ன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லுவோம். அதுவும் பொய்யில்ல, விடியக்காலம் கோயில்ல பெட்டி பாடித்தான் நாங்க எந்திரிப்போம், கல்யாண வீட்டுல மாலை மாத்துறப்ப பெட்டி பாடும், சமைஞ்ச பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறப்ப பெட்டி பாடும், தொட்டில்ல கிடக்கிற பிள்ளை அழுகைய நிறுத்தலைன்னா ஆவுடையப்பனைக் கூப்பிட்டு ரெண்டு கட்டைய அமுக்கச் சொல்லுவோம். வடிவுக்கு ஜலதோசம் பிடிச்சாலும் பெட்டிக்குப் பிடிக்காது. வடிவு வீட்டுல அழுதாலும் பெட்டி சிரிச்ச குரல்ல பாடும். மனுஷிய விட வசதியா இருந்துச்சு. சொல்லவே நாக்கு கூசுது, ஆனா வசதியாத்தான் இருந்துச்சு.

இவ்வளவு பெரிய சொத்தை வாடகை வீட்டுல வைக்கலாமான்னு கண்ணாயிரம் அண்ணாச்சி கேட்டாரு. பெட்டிய எடுத்துக் கோயில்ல சப்பரம் நிக்கிற அறையில பட்டுத்துணி சுத்தி வச்சு, பூட்டுப் போட்டு, சாவிய அவரு இடுப்புல சொருகிக்கிட்டாரு. மலேசியாவுல இருக்கிற எங்க ஊர்க்காரவுக கேட்டாகன்னு ஒரு தடவை பெட்டியும் ஆவுடையப்பனும் ஏரோப்ளேன் ஏறிப் போய் வந்தாக. வடிவு வரலையான்னு கேட்டதுக்கு, அவ எதுக்கு, சும்மா நிக்கிறதுக்கு டிக்கெட்டான்னாரு அண்ணாச்சி. எல்லாரும் சிரிச்சோம். அவளும் அங்கதான் நின்னா.

பிள்ளை பிறந்துச்சு. பிரசவ வலியில அவ ஒரு சத்தம் போடலைன்னு நர்சம்மா ஆச்சரியப்பட்டுப் பாராட்டுனாளாம். பேரு வைக்கிற அன்னைக்கு, எங்க பக்கத்து வழக்கப்படி, பெத்தவ பிள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். வடிவு பிள்ளையத் தூக்கிக் காதுகிட்ட வாயக் கொண்டுபோனா, அவ உதடு அசைஞ்சுது, என்ன பேருன்னு யாருக்கும் தெரியல. உள்ளங்கையிலயும் எழுதிக் காட்ட மாட்டேன்னுட்டா, காதுல சொல்லுற பேரைக் கையில எழுதலாமான்னு அவளுக்கு மனசுல பட்டிருக்கும். நல்ல நேரம் போகுதுன்னு ஆவுடையப்பன் பெட்டியத் தொட்டில் பக்கத்துல வச்சு ஒரு பாட்டை வாசிச்சான். அது சாருகேசி ராகத்துப் பாட்டு. அப்ப சாருகேசின்னே வச்சிருவோம்னு ஒருத்தர் சொல்ல, நல்லாருக்கே நல்லாருக்கேன்னு எல்லாரும் சொல்ல, பிள்ளை பேரு சாருகேசி ஆயிருச்சு. சாருன்னு கூப்பிட்டோம். அவ அம்மா மட்டும் அந்தப் பேரை ஒரு நாளும் உள்ளங்கையில எழுதுனது கிடையாது, தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவா.

இனி பேட்டரிக்கு வாரேன். சில வருஷம் போனதும் பெட்டி நெத்தியில சின்னக் கண்ணாடியில ‘பேட்டரி லோ’ன்னு எழுத்து வந்துச்சு. ஆவுடையப்பன் மூஞ்சி செத்துப்போச்சு. அந்த வட்டப் பேட்டரிய ஈயத்தால பத்தவச்சு உள்ள ஒட்டியிருக்கும், கழட்டினா ஒரு விநாடியில நாம நிரப்புன அறையெல்லாம் துடைச்சுப் போட்ட மாதிரி ஆயிரும், வடிவு குரல் இல்லாமப் போயிரும்னான். ஊரே கலங்கிருச்சு. அப்புறம் அவனே ஒரு வழி சொன்னான்: பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி, வெளிய ரெண்டு பென்சில் பேட்டரிய வச்சு, சிவப்பு ஒயர் கருப்பு ஒயர் ரெண்டுலயும் பல்லு வச்ச கிளிப்பு மாட்டி உள்ள கவ்வக் குடுத்துட்டா, பழசை எடுத்துப் புதுசைப் பத்தவைக்கிற வரைக்கும் அந்த ரெண்டும் குரலைத் தாங்கிக்கிட்டு இருக்கும்.

அதைக் கோயில் மண்டபத்துல வச்சு, நாள் பாத்து, நேரம் பாத்துப் பண்ணினோம். காப்புக் கட்டாத குறை. பொம்பளைக விரதம் இருந்தோம். ஃபேன் காத்துல கிளிப்பு ஆடிரும்னு ஃபேனை நிறுத்தினோம், தும்மல் வாரவங்களை வெளிய அனுப்பினோம், தெருவுல மாவரைக்கிறதைக் கூட நிறுத்தச் சொன்னாரு அண்ணாச்சி. பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்க என் கடையில தேங்கா தீந்துபோச்சு, நானும் சந்தோசமாத்தான் கல்லாவுல கைய விட்டேன். குரலுக்கு உடையவ பக்கத்துல இருந்தாத்தான் குரல் மிரளாம இருக்கும்னு யாரோ சொன்னாகன்னு வடிவைப் பெட்டி பக்கத்துல மணை போட்டு உக்கார வச்சு, மஞ்சத்துணியக் கையில குடுத்தோம். புதுசு ஒட்டினதும், ஆவுடையப்பன் கட்டைய அமுக்கி, உள்ள இருந்து குரல் வந்ததும், குலவை போட்டோம் பாருங்க, அம்மனுக்கே அப்படிப் போட்டதில்ல. அவ குரலை நாங்க காப்பாத்திட்டோம்னு அவ கையப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. சந்தோசத்துல வாயடைச்சுப் போயிட்டான்னு நினைச்சேன், நான் ஒரு கூறுகெட்டவ.

ரெண்டாம் தடவையும் அப்படியே நடந்துச்சு. மூணாம் தடவை தப்பு நடந்துச்சு.

அப்ப சாரு பள்ளிக்கூடம் போற பிள்ளை, அம்மா மடியில சாஞ்சுக்கிட்டு வேடிக்கை பாத்தா. ஆவுடையப்பனுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிருந்துச்சு. பழைய பேட்டரிய எடுத்துக் கீழ வச்சவன் முழங்கை பட்டு சிவப்பு ஒயர் கிளிப்பு நழுவிருச்சு. கண் இமைக்கிற நேரம்தான், பதறிப்போயி திரும்ப மாட்டிட்டான். அந்தக் கண் இமைக்கிற நேரத்துல, ஃபேன் ஓடாத, காக்கா கத்தாத, ஒரு குருவி மூச்சு விடாத அந்த மண்டபத்துல, வடிவு இருமினா. சத்தத்தோட இருமினா. வறண்டுபோன தொண்டையில இருந்து வார இருமல், க்கும்னு ஒண்ணு, அதுக்குப் பிறகு வந்ததுல சத்தம் இல்ல, ஏன்னா கிளிப்பைத் திரும்ப மாட்டியாச்சு.

மண்டபம் நிறைய ஆளு. காது கேக்காதவன் ஒருத்தன் கிடையாது. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? “ஏலே, கை நடுங்குனா எதுக்குடா இந்த வேலைக்கு வார”ன்னு ஆவுடையப்பனைத் திட்டினோம். பெட்டிய வாசிக்கச் சொல்லிக் குரல் பத்திரமா இருக்கான்னு பாத்தோம். இருந்துச்சு. குலவை போட்டோம். வீட்டுக்குப் போற வழியில பொடி தோசைக்கு எள்ளு வறுக்கணுமான்னு ஒருத்தி கேட்டா, வறுக்கணும்னு நான் சொன்னேன், கீழத்தெரு வரைக்கும் எள்ளைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தோம். அந்த இருமலை அன்னைக்கும் யாரும் பேசல, மறுநாளும் பேசல, புருஷன் பொண்டாட்டி படுக்கையில கூடப் பேசிக்கிட்டது இல்ல. ஆனா எங்க ஊர்ல அதுக்கப்புறம் யாரு இருமினாலும் மத்தவுக ஒரு நொடி தலையக் குனிஞ்சுக்கிடுவோம். வெளியூர்க்காரவுக அதை என்னமோ எங்க ஊரு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டாக.

சாரு மட்டும் மறக்கல. அவ வளந்து, பாலிடெக்னிக்ல சேந்து, அப்பனுக்கு மேல பத்தவைக்கப் படிச்சா. உடைஞ்ச ரேடியோ, செத்துப்போன மிக்சி, எதைக் குடுத்தாலும் சரி பண்ணிக் குடுத்துட்டு, “கோயில் பெட்டியில பேட்டரி எப்ப அத்தை போகும்?”னு என் கடையில நின்னு கேப்பா. நான் வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பி அடுக்குவேன். போன கொடைக்கு முந்தின வாரம் பெட்டி நெத்தியில பேட்டரி லோன்னு வந்தப்ப ஊரே மூஞ்சியத் தொங்கப் போட்டுச்சு, அன்னைக்கு ஒரு வீட்டுல மட்டும் பாயசம் மணத்துச்சு. ஏலக்கா வாங்கிட்டுப் போனது சாருதான், என்ன விசேஷம்னு கேக்காம சில்லறைய எண்ணிக் குடுத்தேன்.

இந்தத் தடவை கண்ணாயிரம் அண்ணாச்சி புதுசா ஒரு யோசனையோட வந்தாரு. அவரு மருமகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு, பெட்டிக்குள்ள இருக்கிறதை அப்படியே பென் டிரைவ்ல நகல் எடுத்திரலாம், அப்புறம் இந்தப் பேட்டரித் தொல்லையே இருக்காது, ஊர்ல ஆளுக்கொரு போன்ல வடிவு குரல் இருக்கும், அவுகவுக இஷ்டத்துக்குப் பாட வச்சுக்கிடலாம்னாரு. பேட்டரி சாகப் போற நேரத்துல எடுத்தா குரல் கரகரன்னு வருமாம், அதனால புதுசு போட்ட கையோட எடுத்திருவோம்னாரு. எல்லாருக்கும் சந்தோசம். பிள்ளைக இப்பவே எந்தப் பாட்டை ரிங்டோனா வைக்கணும்னு சண்டை போட்டுச்சு.

வடிவு அன்னைக்கு என் கடைக்கு வந்தா. தலையில பாதி நரைச்சுப் போச்சு, நெத்தியில பொட்டு மட்டும் அதே பெரிய பொட்டு. உள்ளங்கையில மெதுவா எழுதினா. இந்தத் தடவை நான் பாதியில சரின்னு சொல்லாம, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முழுசா வாசிச்சேன். ‘ஒரு பெட்டியில இருந்தா ஒரு நாள் கேக்கலாம். ஊர் பூரா போன்ல இருந்தா யாருகிட்ட போய்க் கேப்பேன்?’ எழுதி முடிச்சிட்டு உள்ளங்கையச் சேலையில துடைச்சுக்கிட்டா, எழுதினது ஒட்டியிருக்கிற மாதிரி. நாலு பழத்தை எடுத்து இலவசமா அவ பையில போட்டேன். தூ, என் பொழப்பே.

மண்டபத்துல கூட்டம் நெரிஞ்சுது. ஃபேன் நின்னுச்சு. வடிவு மணையில உக்காந்தா. ஆவுடையப்பன் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், அவனுக்கு இப்ப கண்ணு சுத்தமாத் தெரியாத மாதிரிதான். சாரு பெட்டியோட திருகாணியக் கழட்டி மூடியத் திறந்து, ரெண்டு கிளிப்பையும் கவ்வக் குடுத்து, பத்தவைக்கிற கோலால ஈயத்தை உருக்கி, பழைய பேட்டரிய எடுத்துக் கீழ வச்சா. சென்னை மருமகன் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அண்ணாச்சி புதுப் பேட்டரிய வெத்தலையில வச்சு நீட்டினாரு. சாரு வாங்கல.

“பெரியப்பா, ஒரு நிமிஷம்”னா. “போன தடவை கிளிப்பு நழுவினப்ப எங்கம்மா இருமினாங்க. எனக்குக் கேட்டுச்சு. உங்க யாருக்கும் கேக்கலையா?”

இவ்வளவு பேரும் ஒரே நேரத்துல தரையில என்னத்தைத் தேடினோம்னு தெரியல. ஒருத்தர் வேட்டி நுனிய முறுக்கினாரு, ஒருத்தி பிள்ளை வாயைத் துடைச்சா, அந்தப் பிள்ளை வாயில ஒண்ணுமே இல்ல.

“யாரு இருமினாகளோ தாயி, அத்தனை கூட்டத்துல”ன்னாரு அண்ணாச்சி. “பேட்டரியப் போடு, நல்ல நேரம் முடியப் போகுது.”

“கனி அத்தை, உங்களுக்கு?”

என்னையக் கேட்டா. நேரா என்னையக் கேட்டா. என் மூஞ்சி தீயில காட்டின மாதிரி எரிஞ்சுது. கையில இருந்த தேங்காய உருட்டிக்கிட்டே நின்னேன், அதோட குடுமி நாரை எண்ணிக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கிடுங்க. அதுக்குள்ள தூண் பக்கத்துல இருந்து ஆவுடையப்பன் பேசிட்டான்.

“எனக்குக் கேட்டுச்சு சாரு. இருமினது மட்டும் இல்ல. அன்னைக்கு மேடையில அவ தண்ணி கேட்டதும் கேட்டுச்சு. பாட்டு முடியட்டும், பாட்டு முடியட்டும்னு நினைச்சுக்கிட்டே பட்டனை அமுக்கிட்டேன். பிறகு பாட்டு முடியவே இல்ல.” எங்க பக்கம் கையக் காட்டினான். “எல்லாருக்கும் கேட்டுச்சும்மா. யாரும் செவிடு இல்ல.”

“ஏ ஆவுடை, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”ன்னு அண்ணாச்சி கத்தினாரு. “கிளிப்பை எடுத்தா குரல் அவகிட்டதான் போகும்னு எவன் கண்டான்? ஒரு இருமல வச்சுக்கிட்டா? அழிஞ்சுபோனா அம்புட்டும் போச்சு!”

சாரு அவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. அம்மாவப் பாத்து, “அழிஞ்சும் போகலாம்மா. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல”ன்னா.

வடிவு மகளோட தோளைத் தொட்டா. பிறகு குனிஞ்சு, மஞ்சத்துணியக் கீழ வச்சிட்டு, சிவப்பு ஒயர் கிளிப்பை ரெண்டு விரலால பிடிச்சுப் பிடுங்கினா. கருப்பு ஒயர் கிளிப்பையும் பிடுங்கினா. ரெண்டையும் மடியில வச்சு மேல கைய மூடிக்கிட்டா. கண் இமைக்கிற நேரம் போச்சு. இன்னொண்ணு போச்சு. அண்ணாச்சி பாஞ்சு போயி கரண்டைப் போட்டு ஒரு கட்டைய அமுக்கினாரு. பெட்டியில இருந்து நாயனச் சத்தம் வந்துச்சு, கம்பெனிக்காரன் வச்ச வெறும் நாயனம். “போச்சு”ன்னு அவரு தலையில கைய வச்சாரு. பொம்பளைக பக்கம் ரெண்டு பேரு அழ ஆரம்பிச்சாக. இப்பவும் எங்களுக்கு அழுகை பாட்டுக்காகத்தான் வந்துச்சு, இதையும் மறைக்காமச் சொல்லிட்டேன்.

அப்ப மணையில இருந்து, “ணி குடுங்களேன்”னு ஒரு குரல் கேட்டுச்சு.

தண்ணின்னு முழுசா வரல. பாதிதான் வந்துச்சு, முன்பாதியத்தான் அவ அன்னைக்கு மேடையிலயே சொல்லிட்டாளே. குரலுக்கு வயசு ஆகல. நரைச்ச தலையும் சுருங்கின கழுத்துமா இருக்கிற பொம்பளை வாயில இருந்து, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பிள்ளையோட குரல், வெயில்ல நின்னு தொண்டை காஞ்சுபோன குரல். “கொஞ்சம் தண்ணி குடுங்களேன், தொண்டை ரொம்ப வலிக்குது”ன்னு அவ திரும்ப ஒரு தடவை முழுசாக் கேட்டா.

ஐயோ, நாங்க ஓடின ஓட்டத்தைப் பாக்கணுமே. மண்டபமே எந்திரிச்சு ஓடுச்சு. செம்பு, டம்ளர், பாட்டில், கோயில் தீர்த்தச் சொம்பு, எவன் எதைக் கண்டானோ அதுல தண்ணியக் கோரிக்கிட்டு வந்தோம். அண்ணாச்சி ஒரு குடத்தையே தூக்கிட்டு வந்தாரு, இந்த வயசுல. நான் கடைக்குப் பாஞ்சு ஒரு இளநிய ஒரே வெட்டுல சீவிக்கிட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா, சாரு அவ பையில இருந்து பாட்டிலை எடுத்து அம்மாகிட்ட குடுத்திருந்தா, வடிவு அதுல ஒரு மடக்குக் குடிச்சிட்டு மூடியத் திருகிக்கிட்டு இருந்தா. எங்க யாரு பக்கமும் அவ கைய நீட்டல. கோவமா ஒரு பார்வை பாத்திருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். அதுவும் பாக்கல. ஊரே தண்ணியக் கையில வச்சுக்கிட்டு, யாருக்குக் குடுக்கன்னு தெரியாம நின்னுச்சு.

அவ மகளைப் பக்கத்துல இழுத்தா. அவ்வளவு பெரிய பிள்ளைய மடியில சாச்சு, முடிய ஒதுக்கிவிட்டு, காதுகிட்ட வாயக் கொண்டுபோயி ஒரு பேரைச் சொன்னா. எங்க யாருக்கும் கேக்கல. அந்தக் குரலை இத்தனை வருஷமா ராவும் பகலும் கேட்டவுக நாங்க, எங்களுக்கு ஒரு எழுத்துக் கூடக் கேக்கல. சாரு கண்ண மூடிக்கிட்டா. அவ உதடு அந்தப் பேரைச் சொல்லிப் பாத்துச்சு, சத்தமில்லாம, அவ அம்மா மாதிரியே.

பிறகு கண்ணத் திறந்து, “அம்மா, இன்னொரு தடவை”ன்னா.

யாரோ சாட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. அண்ணாச்சி பிடிச்சிருந்த குடத்துல தண்ணி தளும்பி அவரு வேட்டியில ஊத்துச்சு. கேக்குறதுக்கு உரிமை உள்ளவ அவ ஒருத்திதான்னு எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அந்த வார்த்தை எங்க வாயில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சு.

வடிவு சிரிச்சா. “இரு”ன்னா. “தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுதேன்.”

பாட்டில் மூடியத் திரும்பத் திறந்தா. அண்ணாந்து, அவசரமே இல்லாம, ஒவ்வொரு மடக்கா, தொண்டை ஏறி இறங்கக் குடிச்சா. நடுவுல நிறுத்தி மூச்சு விட்டுட்டு, திரும்பக் குடிச்சா. நாங்க அப்படியே நின்னோம். என் கையில இளநி கனத்துச்சு, அதைக் கீழ வைக்கவும் எனக்கு மூஞ்சி இல்ல.